என் மகளுக்கு மேளம் இல்லை

சின்னப் பிள்ளை செத்தால் எங்கள் பக்கம் மேளம் கிடையாது. எண்பது வயதுக் கிழவர் போய்ச் சேர்ந்தால் பல்லக்குக் கட்டி, பறையடித்து, பேண்டு செட் வைத்து, சரவெடி கொளுத்தி, தெருவெல்லாம் பூ இறைத்து ஆடிக்கொண்டே கொண்டுபோவார்கள். ஒன்பது வயதுப் பெண் போனால் ஒரு வெள்ளைத் துணி, நாலு ஆம்பளைகள், ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான். எரிக்கவும் மாட்டார்கள். ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, தலை முழுகிவிட்டு வந்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம்கூட இல்லை. "கொழந்தைக்கு இன்னாடி காரியம்? அது சாமிகிட்ட போயிடுச்சு" என்றாள் என் அக்கா. சாமியை அந்த நேரம் என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டைக் கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டு வைத்தார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வீட்டுக்காரர் சாக்ஸபோன் வாசிப்பவர். கல்யாணத்துக்கு நாதஸ்வரத்துக்குப் பதிலாக சாக்ஸபோன் வைப்பது எங்கள் பக்கம் இப்போது ஒரு பெருமை. திருவண்ணாமலையைச் சுற்றியிருக்கிற மண்டபங்களில் பாதியில் அவர் வாசித்திருக்கிறார். யார் யார் வீட்டுப் பெண்ணுக்கெல்லாமோ கன்னம் உப்ப வாசித்துத் தாலி ஏற்றிவைத்தவர், சொந்த மகள் போகும்போது வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கருவி அதன் பெட்டிக்குள் கிடந்தது. வாசிக்கக் கூடாது என்றார்கள், அவரும் சரி என்று இருந்துவிட்டார்.

நான் அழுததற்கும் தடை வந்தது. நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள், அவள் ஓய்ந்ததும் இன்னொருத்தி தன் துக்கத்தை அதில் கொண்டுவந்து சேர்ப்பாள். வாய்க்கு வந்ததைப் பாடலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். என் மகளுக்கு நான் இரண்டு வரி எடுப்பதற்குள் அக்கா என் வாயைப் பொத்தினாள். "பெத்தவ ஜாஸ்தி அழுவக் கூடாதுடி. அடுத்தது தங்காது." அடுத்ததாம். முதலில் வந்தது இன்னும் கூடத்தில் கிடக்கிறது, இவளுக்கு அடுத்ததைப் பற்றிய கவலை.

எப்படிப் போனாள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மாதம், விடாத மழை, ஊரெல்லாம் டெங்கு. நாலு நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாவது நாள் கொஞ்சம் தேறினாள், இட்லி கேட்டாள். மறுநாள் கீழ்பென்னாத்தூரில் இவருக்கு ஒரு கல்யாணம் இருந்தது. மூன்று மாதம் முன்பே வாக்குக் கொடுத்தது. போகவா வேண்டாமா என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நான்தான். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவளுக்குத் திடீரென்று முடியாமல் போனது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆறு இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து மணியிலிருந்தே நான் அவருக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். மேடையில் இருக்கும்போது அவர் போனைத் தொடமாட்டார். முகூர்த்தம் முடிந்து, தாலி கட்டி, மேடையை விட்டு இறங்கியபோது மணி ஏழு நாற்பது. அப்போதுதான் அவருக்குச் சேதி போனது. கல்யாணச் சந்தனம் நெற்றியில் காயாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. "நீதானே போகச் சொன்ன" என்று அவர் கேட்கட்டும், "நீங்க இருந்திருந்தா" என்று நான் கேட்கிறேன், இரண்டு பேரும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருளலாம் என்று காத்திருந்தேன். மனுஷர் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டீங்களா, ஆச்சு. தண்ணி வந்துச்சா, வந்துச்சு. இப்படியே கார்த்திகை போனது. தீபத்துக்கு ஊர் முழுக்க ஜனம், மலை உச்சியில் ஜோதி, எதிர் வீட்டு மாடியில் எல்லோரும் கை கூப்பிக்கொண்டு நின்றார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணி மடித்தேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இந்த மலையைப் பார்த்தால் நிம்மதி கிடைக்கிறது என்று வருகிறார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அது ஒரு பைசாவுக்கு நிம்மதி தரவில்லை.

நான் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள். காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். பட்டா வரவில்லை, விதவைப் பென்ஷன் நின்றுபோச்சு, மகன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட்டான். அவர்கள் அழுவார்கள், நான் அதை "தாங்கள் கருணை கூர்ந்து" என்று முடிப்பேன். எவ்வளவு பெரிய அழுகையானாலும் ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுவேன், அது என் கைராசி. என் மகளுக்கு மேளம் இல்லாமல் போனதை மட்டும் எந்த அதிகாரிக்கு விலாசம் போட்டு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும் அவர் முதல் கல்யாணத்துக்குப் போனார். அன்று நடந்ததை அவர் சொல்லவில்லை. அவருக்கு இருபது வருஷமாகத் தவில் வாசிக்கிறவர் மறுநாள் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த காபியைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமலே சொன்னார். இவர் குளிக்கப் போயிருந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு இன்னும் ஒடம்பு செரியில்ல."

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் சாப்படறாரு."

"தாலி கட்டியாச்சு அண்ணி. கெட்டிமேளம் அடிச்சு நிறுத்திட்டேன். இவரும் நிறுத்தணும் இல்ல? நிறுத்தல. தனியா இழுத்துக்கினே இருக்காரு. எந்த ராகத்துலயும் சேரல அது. ஒரு மாதிரி... யாரோ அழுவற மாதிரி. பொண்ணோட தாய்மாமன் மூஞ்சி செவந்துபோய் என்னைப் பாத்து வெரலை ஆட்டறாரு. நான் மறுபடியும் கெட்டிமேளம் அடிச்சேன். நிறுத்தினா, இவரு இன்னும் இழுத்துக்கினுதான் இருக்காரு. மூணு தடவை அடிச்சேன் அண்ணி."

கெட்டிமேளம் எதற்கு என்று தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தாலி ஏறும் நேரத்தில் தும்மல், அழுகை, கெட்ட பேச்சு எதுவும் பெண் மாப்பிள்ளை காதில் விழக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை சத்தம். மேளத்தோடு சேர்ந்து அழுகையை மூடவேண்டிய மனுஷரே அழுகையாகிவிட்டார், அவரை மூடத் தவில் அடிக்கவேண்டியதாயிற்று. இதில் கூத்து என்னவென்றால், பின்வரிசையில் இருந்த சனங்களுக்கு மேடை சரியாகத் தெரியாமல், ஒவ்வொரு கெட்டிமேளத்துக்கும் இப்போதுதான் தாலி கட்டுகிறார்கள் போல என்று அட்சதை போட்டார்களாம். கையில் இருந்தது தீர்ந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கடன் வாங்கிப் போட்டார்களாம். அந்தப் பெண்ணுக்கு மூன்று தடவை கல்யாணம் நடந்திருக்கிறது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட, தவில்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

அப்புறம் மண்டபத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அபசகுனம் என்று பேச்சுப் பரவிவிட்டது. மகள் செத்த வீட்டு ஆள், மூன்று மாதத்திலேயே எப்படி வாசிக்க வந்தான் என்றும் கேட்டார்களாம். வராமல் இருந்தால் சோறு யார் போடுவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தக் கல்யாணத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் இவர் வாசிப்புப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு அடி அண்ணாமலையில் ஒரு மாடி வீடு இருக்கிறது, அதில் வருஷா வருஷம் குளிருக்கு வந்து வாடகைக்கு இருக்கிற ஒரு வெள்ளைக்காரர். வீட்டுச் சொந்தக்காரர் அழைத்ததால் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். காய்கறிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ், அதனால் ஆண் பெண் எல்லோரும் அவருக்கு "ம்மா". என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கல்யாணம் நீ வாசி, ரொம்ப துக்கம்மா, ரொம்ப நல்லா. அது ஜாஸ்ம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துக்கத்தில் என்ன நல்லா வேண்டிக்கிடக்கிறது? ஆனால் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். மகள் போனதிலிருந்து அன்று வரை எங்கள் வீட்டில் அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு தோட்டத்துக் கடை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அங்கே வந்தவரும் அவர் கூட்டாளிகளும் கூடி வாசிப்பார்கள், என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வெள்ளைக்காரர் ஆளுயர வயலின் மாதிரி ஒன்றை நிற்கவைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு விரலால் மீட்டுவார். பாண்டிச்சேரியிலிருந்து வருகிற ஒருவர் கீபோர்டு. ஒரு பெண் விளக்குமாறு மாதிரியான கம்பிக் குச்சியால் டிரம்மைத் தட்டாமல் பெருக்கிக்கொண்டிருப்பாள். இவர்கள் நடுவில் என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் அதே ஜரிகை வேட்டியோடு.

முதல் ஞாயிறு நான் போகவில்லை. இரண்டாவது ஞாயிறு, "வரியா?" என்று அவரே கேட்டார். வீட்டில் தனியாக இருந்தால் நாலு மணிக்கு அவள் டியூஷனுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். அதற்குப் பயந்துதான் வண்டியில் ஏறினேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தார்கள். சரி, பாட்டு என்று நினைத்தால் அதை அப்படியே விட்டுவிட்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் போனார்கள். கீபோர்டுக்காரர் கொஞ்ச தூரம் போய் வந்தார். அந்தப் பெரிய வயலின் தனியாக என்னவோ முனகியது. பிறகு என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். கீழே, தொண்டைக்கும் கீழே, ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது நேராக நிற்கவில்லை. இறங்கியது, ஏறப்பார்த்தது, முடியாமல் இழுத்தது. மற்றவர்கள் அவரை விட்டுப் போகாமல், முந்தவும் செய்யாமல், அடியிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். இது எனக்குத் தெரியும். ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். என் வாயைப் பொத்தி நிறுத்திய இடத்திலிருந்து இந்த மனுஷர் எடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் ஜாஸ் என்று போட்டுத் தேடிப் படித்தேன். அடிமையாக விற்கப்பட்ட கறுப்பு சனங்களின் பிள்ளைகள் உண்டாக்கிய சங்கீதமாம். வெயிலில் வேலை செய்துகொண்டே கூவிய கூவல், சர்ச்சில் உட்கார்ந்து அழுத அழுகை, எல்லாம் சேர்ந்து இப்படி ஆனதாம். பிள்ளையைக் கண் முன்னே யாரோ விற்றுவிட, மறுநாள் வேலைக்குப் போன தாய்மார்கள் அதில் எத்தனை பேரோ. படித்துவிட்டு ஒரு மணி நேரம் என்னால் டைப் அடிக்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்கும் மேளம் கொடுக்கவில்லை, அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு வெள்ளைக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, இதில் தப்பு ஸ்வரம் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கர்நாடக சங்கீதத்தில் ராகத்தில் இல்லாத ஸ்வரம் ஒன்று விழுந்துவிட்டால் இவர் வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார், அதனால் கேட்டேன். அவர் சிரித்தார். "தப்பு இல்லம்மா. விழுந்தா, அங்கிருந்து போ. ஜாஸ் பிரேயர்ம்மா. வாய் இல்ல, மூச்சு." தப்பே இல்லையாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "போயிட்டு வாங்க" என்று நான் சொன்னதும் தப்பில்லை என்று இந்த வெள்ளைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் காலில் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. அவருக்கு என் கதை தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

ஏழு ஞாயிற்றுக்கிழமை விடாமல் போனேன். பெட்டியிலிருந்து நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொள்வேன். தலைக்குக் குளிப்பேன். அவளுக்குப் பிடித்த கனகாம்பரம் கொஞ்சம் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன், வைத்துக்கொள்ள மனம் வராது. எனக்கு அது கச்சேரி இல்லை. அவளுக்குச் செய்யாமல் விட்ட காரியம். ஏரிக்கரையில் சத்தமில்லாமல் புதைத்தார்களே, அந்தச் சத்தம் இங்கே வருகிறது. ஊர் கொடுக்காத மேளத்தை அப்பன் கொடுக்கிறான். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு மூச்சு வந்தது. பொய் சொல்வானேன், சாமி என்று ஒன்று இருந்தால் அந்தக் கீழ் ஸ்வரத்தில் இருக்கட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அங்கே வருகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சம்மணம் போட்டு, கண்ணை மூடி, முகத்தில் ஒரு புன்சிரிப்போடு ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் எனக்கு அழுகை அடங்காமல் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். மேலெல்லாம் சந்தன எண்ணெய் வாசனை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு ஆன்மிகமான அனுபவம், எவ்வளவு அமைதி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எலுமிச்சை டீ கொண்டுவரச் சொன்னாள். அம்மா தாயே, நீ எதற்கு அழுதாய் என்று உனக்குத் தெரியுமா? உன் பிள்ளையா போனது? அமைதியாம். அந்த டீயை எடுத்து அவள் தலையில் ஊற்றலாம் போல இருந்தது. ஆனால் அவள் கட்டிப்பிடித்தபோது நான் விலகவில்லை. என்னை அப்படி யாராவது பிடித்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பங்குனியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்வது வழக்கம். அந்தப் பெரிய வயலினுக்கு உறை தைத்துவிட்டார்கள். வருகிற ஞாயிறுதான் கடைசி, இனிமேல் கார்த்திகைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகை வரைக்கும் நான் என்ன செய்வேன்? அந்த வாரம் முழுக்க மனு டைப் அடித்துக்கொண்டே யோசித்தேன். வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். யாரோ எவரோ டீ குடித்துக்கொண்டு கேட்கிறார்கள். அவள் கேட்க வேண்டாமா? ஒரே ஒரு தடவை, ஏரிக்கரையில், அவளைப் புதைத்த இடத்தில் நின்று இவர் அதை வாசிக்க வேண்டும். பெண்கள் அங்கே போகக் கூடாது. நான் போவேன். யார் கேட்டாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவேன். பகலிலேயே போவோம், ஊர் பார்க்கட்டும்.

கடைசி ஞாயிறு அவர் வாசித்தது போல அதற்கு முன்னால் வாசித்ததில்லை. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் விடவில்லை. மூச்சு தீர்ந்து, எடுத்து, மறுபடியும் போனார். கம்பிக் குச்சிப் பெண் கை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர் கண்ணில் தண்ணீர். முடிந்ததும் ஒருத்தரும் கை தட்டவில்லை. பார்த்தீர்களா என் மகளுக்கு என்ன மாதிரி மேளம் என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போல எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது இன்னும் வெக்கை தணியவில்லை. ரோட்டோரம் இளநீர் விற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் பெட்டியை முதுகிலிருந்து இறக்கிப் புளியமரத்தில் சாய்த்துவைத்தார். ஐந்து மாதமாகச் சொல்லாத பேச்சு, ஆனாலும் பளிச்சென்று வந்துவிட்டது.

"ஏங்க, பாப்பாவுக்கு நீங்க ஒரு தடவை அங்க வந்து வாசிக்கணும்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க?"

"ஏரிக்கரையில. அவ இருக்கற எடத்துல. நானும் வரேன். இன்னிக்கு வாசிச்சீங்களே, அதையே வாசிங்க. அவளுக்குத்தான் வாசிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவ காதுல விழற மாதிரி ஒரே ஒரு தடவை."

அவர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அப்படி ஒரு பயத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"அவளுக்கு வாசிக்கலம்மா" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. கேட்டவங்க எல்லாம் அழுவறாங்க."

"அழுவறாங்க. எனக்குத் தெரியுது. ஆனா நான் அழுவல." அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு மேடையில இருந்தேன் இல்ல? எனக்கு ஒண்ணும் தெரியாது. பாப்பாவுக்குக் காய்ச்சல், தேறிட்டா, இட்லி சாப்பிட்டா, முடிச்சுட்டுப் போய்ப் பாக்கலாம்னு வாசிச்சுக்கினு இருந்தேன். எறங்கின ஒடனே சொல்லிட்டாங்க. இப்பவும் அதான். வாசிக்கற வரைக்கும் எனக்கு யாரும் வந்து சொல்லல. அவ ஆஸ்பத்திரியில உங்கூட இருக்கா. நிறுத்தினா சொல்லிடுவாங்க. அதான் நிறுத்தாம இழுக்கறேன். கல்யாணத்துலயும் அதான் ஆச்சு, என்னால நிறுத்த முடியல."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அங்க வந்து நின்னு வாசிக்கச் சொல்றியே. அங்க நின்னா வாசிக்கும்போதே தெரிஞ்சிடுமே. அப்பறம் எனக்கு ஒண்ணுமே இல்ல. என்னை விட்டுடு. கையெடுத்துக் கும்பிடறேன், அதை மட்டும் கேக்காத."

நிஜமாகவே கும்பிட்டார். இளநீர்க்காரர் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, சேலை கட்டி, நான் போய்க் கேட்டது என் மகளுக்கான மேளமே இல்லை. அதில் அவளுக்குச் சாவே இல்லை. அவள் போய்விட்டது தெரியாத ஒரு மனுஷர், வீட்டுக்குப் போய் மகளைப் பார்க்கலாம் என்கிற நினைப்பில் வாசித்த வாசிப்பு. அத்தனை பேர் அழுதார்கள், நானும் அழுதேன். அழுகைக்குரியவள் அங்கே வரவே இல்லை. அவளுக்கு அன்றும் மேளம் இல்லை, இன்றும் இல்லை, இனிமேலும் இல்லை.

கோபப்பட்டிருக்கலாம். நான் அதற்குப் பேர் போனவள்தான். வரவில்லை. "சரி, குடிங்க, சூடாயிடும்" என்று மட்டும் சொன்னேன். பெட்டியை நானே எடுத்து அவர் முதுகில் மாட்டிவிட்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது எனக்கு வந்தது பொறாமைதான், வேறு ஒன்றும் இல்லை. ஆறு இருபதிலிருந்து ஏழு நாற்பது வரைக்கும் அவருக்கு ஒரு மகள் உயிரோடு இருந்திருக்கிறாள். வாயில் அந்தக் கருவியை வைத்தால் அவர் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறார். எனக்குப் போக அப்படி ஒரு நிமிஷம்கூட இல்லை. அவள் கை சில்லிட்டபோது அது என் கைக்குள்தான் இருந்தது.